அடுப்படிக்கு வந்த வீச்சம்

எங்கள் அப்பத்தாவுக்குத் தராசும் வேண்டாம், தேதி குறித்த நாட்காட்டியும் வேண்டாம். இரண்டாங்கட்டுத் தூணில் சாய்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, "காஸு தீரப்போகுதுப்பா, பதிஞ்சு வையி" என்பார். ஒரு நாள் முன்னே பின்னே ஆகலாம், சொன்னது தப்பாது. அடுப்பில் சுடர் அப்போதும் நீலமாகத்தான் எரியும். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் மூக்கைத் தொட்டுக் காட்டுவார். அனுபவம் பேசுகிறது என்று நினைத்திருந்தேன். அதற்குள் ஒரு வேதியியல் கணக்கு இருப்பது தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

காஸ் வாடை என்று நாம் சொல்வது காஸின் வாடை அல்ல. சமையல் எரிவாயு என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி மணம் கிடையாது. மூக்கில் ஏறுவது எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம். சிலிண்டர் ஒன்றுக்குச் சில துளிதான் இருக்கும். இதன் சொந்தபந்தங்களை எண்ணெயிலிருந்தும் வாயுவிலிருந்தும் துரத்துவதற்கே சுத்திகரிப்பு ஆலைகள் கோபுரம் கோபுரமாகக் கட்டி வைத்திருக்கின்றன. அத்தனையும் துரத்திவிட்டு, அதே குடும்பத்தில் ஒன்றை அளந்து திரும்பச் சேர்த்து நம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காரைக்குடி அடுப்படிவரை அது வந்த வழியைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

கோடையில் வற்றிய ஊருணியில் இறங்கிச் சேற்றைக் காலால் கிளறியவர்களுக்கு இந்தக் கதையின் தொடக்கம் தெரியும். குபுக்கென்று ஒரு குமிழி வரும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். காற்றுப் புகாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் நீரிலுள்ள சல்பேட் உப்பை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்பைடை வெளியே விடுகின்றன. கடல்நீரில் சல்பேட் ஏராளம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் நுண்ணுயிர்கள் செத்துப் படிந்து எண்ணெயாக மாறியபோது, இதே வேலை பிரம்மாண்டமாக நடந்தது. அந்தக் கந்தகம் எண்ணெயோடு பின்னிக்கொண்டது. மேற்காசியக் கச்சா எண்ணெய் பலவற்றில் கந்தகம் மிகுதியாக இருப்பதற்கு அடிப்படை இதுதான். தொழிலில் இருப்பவர்கள் கந்தகம் மிகுந்த எண்ணெயைப் புளிப்பு என்றும், குறைந்ததை இனிப்பு என்றும் சொல்வார்கள். கந்தகத்தை அகற்றும் வேலைக்கு இனிப்பாக்குதல் என்றே பெயர்.

தமிழ்நாட்டில் அந்த வேலையின் பெரிய களம் மணலி. மத்திய அரசும், அமெரிக்காவின் அமோகோவும், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாக 1965 கடைசியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற கம்பெனியைத் தொடங்கின. 1969-ல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் திறனோடு ஆலை ஓடத் தொடங்கியது. கந்தகம் நிறைந்த ஈரானின் டேரியஸ் கச்சா எண்ணெய்க்காகத் திட்டமிட்ட ஆலை அது. இன்று சென்னை பெட்ரோலியம் என்ற பெயரில் அதைவிட நான்கு மடங்கு திறனோடு இருக்கிறது. வட சென்னைக்காரர்கள் அந்தப் பக்கத்துக் காற்றை ஐம்பது வருஷத்துக்கு மேலாகச் சுவாசித்து வருகிறார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லாமல் போகக் கூடாது.

கச்சா எண்ணெயைச் சூடாக்கிப் பிரிக்கும்போது லேசான வாயுக்களோடு ஹைட்ரஜன் சல்பைடும் கிளம்பிவிடும். அதைப் பிடிப்பதற்கு அமீன் என்ற காரக் கரைசல். உயரமான கோபுரத்தில் கரைசல் மேலிருந்து இறங்கும், வாயு கீழிருந்து ஏறும். வழியில் இரண்டும் உரசிக்கொள்ளும்போது அமீன் அந்த நச்சைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கரைசலை இன்னொரு கோபுரத்தில் சூடாக்கினால் பிடித்ததை விட்டுவிடும். குளிரில் பிடிக்கும், சூட்டில் விடும், திரும்பவும் முதல் கோபுரத்துக்கே போகும். ஒரே கரைசல் நாள் முழுக்க இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

நச்சு என்று சொன்னது பேச்சுக்காக அல்ல. ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைக்கும் அந்த நிமிஷத்தில்தான் உயிர் போகும். அதனால் சுத்திகரிப்பு ஆலைக்குள் போகிறவர் சட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவியைக் குத்திக்கொண்டு போவார். அளவு மீறினால் அது அலறும். இதே வாயுதான் நம் ஊர்களில் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் இருக்கிறது. அங்கே இறக்கிவிடப்படும் தொழிலாளியின் சட்டையில் எந்தக் கருவியும் இல்லை. பல நேரம் சட்டையே இல்லை. மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023-ல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நின்றபாடில்லை. ஓர் ஆலை தன் குழாயைக் காக்க எடுக்கும் அக்கறையில் பாதியாவது ஒரு மனிதருக்கு எடுத்திருந்தால் எத்தனை வீடுகளில் விளக்கு அணையாமல் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது மனசு ஆறவில்லை.

அமீன் கழுவியும் போகாத கூட்டம் ஒன்று உண்டு. அதுதான் மெர்காப்டன்கள். 1834-ல் டென்மார்க்கின் சைசே என்ற வேதியியலாளர் இதைக் கண்டறிந்தபோது, பாதரசத்தைக் கவ்விப் பிடிக்கும் அதன் குணத்தைப் பார்த்து, பாதரசத்தைப் பிடிப்பது என்ற பொருளில் லத்தீன் சொற்களைச் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். நம் சித்த மருத்துவர்களுக்கு இது புதுச் சேதி அல்ல. ரசமும் கந்தகமும் கல்வத்தில் சேர்ந்து அரைபட்டால் ஒன்றையொன்று விடாது என்பதை வைத்தே அவர்கள் எத்தனையோ மருந்து செய்திருக்கிறார்கள். ஒன்றைச் சிவனுக்கும் மற்றதைச் சக்திக்கும் உரியதாகச் சொன்னவர்கள் அவர்கள்.

கந்தகம் என்ற பெயரிலேயே கந்தம், அதாவது மணம், இருக்கிறது. ஆனால் கடையில் வாங்கும் மஞ்சள் கந்தகக் கட்டியை முகர்ந்து பாருங்கள், பெரிதாக ஒன்றும் வராது. ஹைட்ரஜனோடும் கரியோடும் கூடினால்தான் அதன் சுயரூபம் தெரியும்.

எண்ணெயில் இந்த நாற்றத்தோடு மல்லுக்கட்டியவர்களில் முதலில் பேர் வாங்கியவர் ஹெர்மன் ஃபிராஷ். 1885-ல் அமெரிக்காவின் ஒஹையோவில், லைமா என்ற ஊரில் எண்ணெய் கிடைத்தது. அதிலிருந்து எடுத்த மண்ணெண்ணெயை விளக்கில் ஊற்றினால் வீடு நாறியது, கண்ணாடிச் சிம்னி கறுத்தது. வாங்க ஆள் இல்லை. ஃபிராஷ் செம்பு ஆக்சைடைக் கொண்டு அந்தக் கந்தகத்தை இழுத்து, விலைபோகாத எண்ணெயை விளக்கில் ஊற்றத்தக்க எண்ணெயாக்கிக் காட்டினார்.

இப்போது மெர்காப்டனுக்கு வைத்தியம் காஸ்டிக் சோடா. 1958-ல் வந்த மெராக்ஸ் என்ற முறை இந்திய ஆலைகள் பலவற்றில் நடக்கிறது. காஸ்டிக் கரைசல் மெர்காப்டனை இழுத்துக்கொள்ளும். பிறகு கோபால்ட் கலந்த கருநீல வினையூக்கியின் முன்னிலையில் காற்றை ஊதினால், இரண்டு மெர்காப்டன்கள் கைகோத்து டைசல்பைடு என்ற எண்ணெயாகி மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்துவிட்டு அதே காஸ்டிக்கைத் திரும்பப் பயன்படுத்துவார்கள். டைசல்பைடு என்றதும் ஏதோ அந்நியச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெருங்காயத்தின் காட்டமும், நசுக்கிய பூண்டின் நெடியும் இந்த டைசல்பைடு வகையறாவிலிருந்து வருபவைதான். ஆலைக்கு வேண்டாத சரக்கின் பங்காளி இல்லாமல் நமக்கு ரசம் இறங்காது.

கந்தகம் போனதா இல்லையா என்று ஆலையில் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எங்கள் பக்கத்துப் பெண்மணி யாரும் அதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். விரல் நீளத்துக்கு ஒரு செம்புத் தகடு. புளி போட்டுத் தேய்த்த செம்புக் குடம்போல் பளபளவென்று அதைத் தேய்த்து, திரவ எரிவாயு நிரப்பிய குப்பிக்குள் தொங்கவிடுவார்கள். சுமார் 38 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம். வெளியே எடுத்து, வரிசையாக வண்ணம் தீட்டிய அட்டையோடு வைத்துப் பார்ப்பார்கள். லேசான ஆரஞ்சுச் சாயலோடு நின்றால் ஒன்றாம் எண், தேறிவிட்டது. ஊதா, மயில்கழுத்து நிறம் என்று ஏற ஏற மதிப்பு இறங்கும். கறுத்துவிட்டால் நான்காம் எண், சரக்கு திரும்பப் போகும். சிலிண்டரின் வாயில் இருப்பது பித்தளை வால்வு. அதில் செம்பு இருக்கிறது. தகட்டைத் தின்றது வால்வையும் தின்னும். நம் வீட்டு அலமாரியில் வெள்ளிச் சாமான் கறுப்பதும் இதே வினைதான், வெள்ளியில் கந்தகம் ஏறும் வினை.

அமீன் கோபுரத்தில் பிடித்த ஹைட்ரஜன் சல்பைடை என்ன செய்வது? லண்டனில் வேலை பார்த்த ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் கிளாஸ் 1883-ல் காப்புரிமை பெற்ற வழியை மேம்படுத்தி இன்றும் நடத்துகிறார்கள். மூன்றில் ஒரு பங்கை எரித்துக் கந்தக டையாக்சைடாக்கி, மீதி இரண்டு பங்கோடு சேர்த்தால், இரண்டு நச்சும் ஒன்றையொன்று முறித்து, தண்ணீராகவும் தூய கந்தகமாகவும் மாறும். உருகிய நிலையில் செம்மஞ்சளாக ஓடும், ஆறினால் எலுமிச்சை நிறம். இன்று உலகத்தில் புழங்கும் கந்தகத்தில் பெரும்பகுதி சுரங்கத்திலிருந்து வருவதல்ல, இப்படி எண்ணெயிலிருந்தும் வாயுவிலிருந்தும் பிடித்ததுதான். 2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ். 6 விதி வந்து, பெட்ரோல் டீசலில் இருக்கலாம் என்ற கந்தக அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியபோது, பிடிபடும் கந்தகம் இன்னும் கூடியது. உரத்துக்கான கந்தக அமிலம், சிவகாசியின் பட்டாசும் தீப்பெட்டியும், சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றை வெளுக்கும் புகை என்று எங்கும் கந்தகத்துக்கு வேலை இருக்கிறது. காரைக்குடிக்குப் பக்கத்தில் கோவிலூரிலேயே கந்தகச் சரக்கான சோடியம் ஹைட்ரோசல்பைட் தயாரிக்கும் ஆலை உண்டு. சாயப்பட்டறைக்காரர்கள் ஹைட்ரோஸ் என்பார்கள். தண்ணீரில் கரையாத சாயத்தைக் கரைத்து நூலுக்குள் இறக்குவது அதுதான்.

இனி, துரத்தியதைத் திரும்ப அழைத்த கதை.

1937 மார்ச் 18. அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊர். எண்ணெய்க் காசில் கட்டிய பள்ளிக்கூடம். செலவை மிச்சம் பிடிக்க, எண்ணெய்க் கிணற்றில் வீணாகப் போகும் வாயுவை இழுத்துக் கணப்புக்கு எரித்தார்கள். அதற்கு வாடை இல்லை. குழாயில் எங்கோ கசிந்து கட்டடத்துக்கு அடியில் நிரம்பியது யாருக்கும் தெரியவில்லை. பள்ளி விடும் நேரம். தச்சுவேலை கற்றுக்கொடுத்த ஆசிரியர் தேய்ப்பு இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். அந்தப் பொறியில் கட்டடமே மேலெழும்பி விழுந்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், மிகப் பெரும்பாலோர் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் வாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் டெக்சாஸில் வந்தது, பிறகு உலகமெங்கும் பரவியது.

எத்தில் மெர்காப்டனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்கு கலந்தாலே மனித மூக்கு கண்டுகொள்ளும். எரியும்போது அது எரிந்துவிடுவதால் சோற்றில் வாடை ஏறாது. இந்தியத் தர விதிப்படி, காற்றில் காஸ் தீப்பிடிக்கத் தேவையான அளவில் ஐந்தில் ஒரு பங்கு சேரும்போதே வாடை தெரிந்தாக வேண்டும். தீப்பிடிக்கும் அளவு என்பது காற்றில் சுமார் இரண்டு சதவீதம். அதற்கு வெகுமுன்னாலேயே காவல்காரன் குரல் கொடுத்துவிடுவான்.

இந்தியாவில் எரியும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருவது. புரோப்பேனை மைனஸ் 42 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாகக் கொண்டு வருகிறார்கள். எண்ணூர் போன்ற துறைமுகங்களில் இறங்கி, மெர்காப்டன் சேர்ந்து, டேங்கர் லாரியில் ஏறும். தெற்கே எந்த நெடுஞ்சாலையிலும் அந்த உருண்டை நீள வண்டியைக் கண்டால் பின்னால் பாருங்கள், நாமக்கல் பெயர் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே, இளையான்குடியில், இந்தியன் ஆயிலின் சிலிண்டர் நிரப்பும் ஆலை இருக்கிறது. ராட்டினம்போலச் சுழலும் மேடையில் சிலிண்டர்கள் ஏறி, ஒரு சுற்று முடிவதற்குள் 14.2 கிலோ நிரம்பி, கசிவு பார்த்து, முத்திரை வைத்து இறங்கும்.

இந்தக் காவல்காரனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. துரு. புது இரும்புக்குள்ளோ, உள்ளே துருவேறிய கலத்துக்குள்ளோ மெர்காப்டன் கிடந்தால், துரு அதை டைசல்பைடாக மாற்றிவிடும். மெராக்ஸில் வேண்டுமென்று செய்ததை இங்கே துரு கேட்காமலே செய்கிறது. வாடை மங்கிப்போகும். துருவை லேசாக நினைக்கக் கூடாது என்பதற்கு எங்கள் ஊரில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமானத்தை ஒரு முக்கியத் துறையாகவே எடுத்து ஆராய்ந்து வருகிறது.

மூக்குக்கும் பலவீனம் உண்டு. 2018-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் காஸ் கசிகிறது என்று ஐந்நூறு பேரை வெளியேற்றினார்கள். தேடிப் பார்த்ததில், அலமாரியில் யாரோ வைத்துவிட்டுப் போன அழுகிய டுரியன் பழம். டுரியனின் வாடையில் எத்தில் மெர்காப்டனும் உண்டு. கொண்டுவிக்கப் போய் மலேயாவில் இருந்துவிட்டு வந்த எங்கள் பெரியவர்கள் டுரியனைப் பற்றிச் சொல்லும்போது முகம் சுளித்துக்கொண்டே நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள்.

அப்பத்தாவின் கணக்குக்கு வருகிறேன். புரோப்பேனும் பியூட்டேனும் சட்டென்று ஆவியாகும். எத்தில் மெர்காப்டன் கொதிக்க 35 டிகிரி வேண்டும், அதனால் சோம்பலாகப் பின்தங்கும். சிலிண்டர் காலியாகக் காலியாக அடியில் மிஞ்சும் திரவத்தில் அதன் விகிதம் கூடிக்கொண்டே போகும். கடைசி இரண்டு மூன்று நாளில் அடுப்பைப் பற்றவைக்கும் அந்த ஒரு நொடியில் வீச்சம் தூக்கலாகத் தெரியும். எடைக்கருவி இல்லாமல் அப்பத்தா படித்தது அதைத்தான்.

அப்பத்தா இப்போது இல்லை. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் வயதான இரண்டு பேரோ ஒருவரோதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். வயது ஏற ஏற மூக்கின் கூர்மை குறையும். கொரோனா வந்து போனவர்களில் சிலருக்கு மோப்பம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. காஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து பள்ளத்தில் தேங்கும். நம் பழைய அடுப்படிகளோ நிலைப்படி உயர்ந்தவை. இளையான்குடியிலிருந்து வந்த சில துளி மெர்காப்டன் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும், கேட்கும் மூக்கு வீட்டில் இல்லை என்றால் பயன் இல்லை.

அதனால் ஊருக்கு வரும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். படைப்புக்கோ திருவிழாவுக்கோ வரும்போது அடுப்படிக்குள் ஒரு தடவை போங்கள். ஆரஞ்சு நிற ரப்பர் குழாயில் அச்சிட்டிருக்கும் வருஷத்தைப் பாருங்கள், ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். கசிவைக் கண்டு அலறும் கருவி ஒன்றைத் தரையை ஒட்டிப் பொருத்துங்கள். வீச்சம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் போடாமலும் அணைக்காமலும் வெளியே வந்துவிட வேண்டும் என்று பெரியவர்களுக்குச் சொல்லி வையுங்கள். வாசலுக்கு வந்த பிறகு அழைக்க வேண்டிய எண் 1906. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அதைப் பெரிய எழுத்தில் எழுதி, முகப்புக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போங்கள்.